அழுத்தத்தின் இயல்பு கண்ட அறிஞர் கோத்தாரி

கோத்தாரி என்னும் பெயரைக் கேட்டதும் கல்லூரி ஆசிரியர் எவர்க்கும் முதலில் நினைவில் எழுவது ஒரு மனிதர் அல்லர்; ஓர் அறிக்கையே. பள்ளிக்குப் பத்தாண்டு, மேனிலைக்கு இரண்டாண்டு, பட்டத்திற்கு மூன்றாண்டு எனக் கல்விக்கு அளவு வகுத்த குழுவின் தலைவர் அவர் என்பதைக் கல்வியியல் பயில்வோர் தேர்வுக்காகவேனும் நெட்டுருச் செய்திருப்பர். அத்தலைவர் ஓர் இயற்பியல் அறிஞர் என்பதும், அணுக்களை மேன்மேலும் நெருக்கிக்கொண்டே சென்றால் அவை என்னாகும் என்ற வினாவிற்குத் தம் முப்பதாவது வயதில் விடை கண்டவர் என்பதும் நம்மில் பலர் அறியாதவை. தமிழ்த்துறை மலரில் அணுவிற்கும் அழுத்தத்திற்கும் என்ன வேலை என்று வினவுவார் உளராயின் அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம். தமிழுக்கும் இவருக்கும் உள்ள தொடர்பு இக்கட்டுரையின் பின்பகுதியில் வரும். இயற்பியலைத் தாண்டியே அதனிடம் செல்ல இயலும்.

இளமை

தௌலத் சிங் கோத்தாரி 1906ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் உதயப்பூரில் சமணக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் பள்ளியாசிரியர். மகன் சிறுவனாய் இருந்தபோதே அவர் மறைந்துவிட, குடும்பப் பொறுப்பு முழுவதும் அன்னையார்மேல் விழுந்தது. பள்ளிக் கல்வியின் ஒரு பகுதியை இந்தூரில் உறவினர்போன்ற அன்பர் ஆதரவில் முடித்த அவர், பின்னர் உதயப்பூர் திரும்பி இடைநிலைத் தேர்வில் தேறினார். மேவார் மகாராணா அளித்த உதவித்தொகையே அவரை அலகாபாத் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியது. அன்று அந்தத் தொகை கிடைக்காதிருப்பின், பிற்காலத்தில் இந்நாட்டு ஏழை மாணவர்க்கு உதவித்தொகை வகுக்கும் குழுவில் வேறு எவரோ அமர்ந்திருப்பர்.

அலகாபாத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் மேகநாத சாகா. வங்காளத்துச் சிற்றூரொன்றில் வறிய குடும்பத்தில் பிறந்து, 1920ஆம் ஆண்டில் தாம் கண்ட ஒரே சமன்பாட்டால் வானியலில் நிலைபெற்றவர். விண்மீனின் ஒளியைப் பகுத்துப் பார்த்தால் அதில் எந்தத் தனிமம் எந்த வெப்பத்தில் உள்ளது என்று சொல்லிவிட உதவும் சமன்பாடு அது. அதன் உட்கருத்து எளிது. வெப்பம் ஏற ஏற அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் வேகம் கூடும். மோதலின் வன்மையில் அணுக்கருவைச் சுற்றும் எலெக்ட்ரான் பிய்த்தெறியப்படும். இதற்கு அயனியாக்கம் என்று பெயர். ஆசிரியர் வெப்பத்தால் நிகழும் அயனியாக்கத்தைக் கண்டார். அவர் மாணவர் பின்னாளில் கண்டது வெப்பமே இல்லாத அயனியாக்கம்.

1928இல் முதுகலைத் தேர்வை முடித்த கோத்தாரி, 1930இல் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் தலைவராக ரூதர்போர்டு வீற்றிருந்த காலம் அது. கபிட்சா, ஃபௌலர் ஆகியோரிடமும் அவர் பயின்றார். அதே 1930இல் அதே ஃபௌலரிடம் பயிலப் பம்பாயில் கப்பலேறிச் சென்றவரே சுப்பிரமணியன் சந்திரசேகர். இருவரும் இளைஞர், இருவரும் நெருக்கப்பட்ட பொருளின் இயல்பை ஆராய்ந்தவர்கள். ஒருவர் அயல்நாட்டிலேயே தங்கி 1983இல் நோபெல் பரிசு பெற்றார். மற்றவர் 1933இல் முனைவர் பட்டத்தோடு தாயகம் திரும்பி, 1934இல் தில்லிப் பல்கலைக்கழக இயற்பியல் துறையை ஏற்றார். அத்துறை அந்நாளில் மிகச் சிறியது.

வெப்பமும் அழுத்தமும்

இனி அவருடைய ஆய்வைச் சற்று விரித்துரைப்போம். அணுக்களுள் மிக எளியதான ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். ஒரு புரோட்டான், ஓர் எலெக்ட்ரான். அவ்வளவே அதன் குடும்பம். ஆயினும் அது தனித்து வாழாது. இவ்விரண்டு அணுக்களாகக் கைகோத்து மூலக்கூறாகவே உலவும். 1898இல் ஜேம்ஸ் டிவார் ஹைட்ரஜனைக் குளிர்வித்து நீர்மமாக்கினார். அடுத்த ஆண்டே சுழியத்திற்குக் கீழ் 259 டிகிரி வெப்பநிலையில் அதனை உறையவும் வைத்தார். தனிமங்களின் வரிசையில் சோடியம், பொட்டாசியம் முதலிய உலோகங்களின் தலையில் நிற்பதால் உறைந்த ஹைட்ரஜன் வெள்ளிபோல் மின்னும் உலோகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தோர் பலர். கிடைத்ததோ பனிக்கட்டியை ஒத்த, ஒளி ஊடுருவும் ஒரு திண்மம். எடையோ தண்ணீரில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு. மின்சாரம் அதன்வழிப் பாயாது. உறைந்த பின்னும் மூலக்கூறுகள் தத்தம் இணை பிரியாமல், இருந்த இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கின்றன.

குளிர் அதனை உலோகமாக்கவில்லை. அழுத்தம் ஆக்குமா? 1935இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் விக்னரும் ஹண்டிங்டனும் ஆக்கும் என்று கணக்கிட்டனர். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் இரண்டரை இலட்சம் மடங்கு போதும் என்பது அவர்கள் மதிப்பீடு. அடுத்த ஆண்டு, 1936இல், தில்லியிலிருந்த கோத்தாரி இதனினும் பொதுவான வினாவை எழுப்பினார். ஹைட்ரஜன் மட்டுமன்று, எப்பொருளாயினும், வெப்பமின்றிக் குளிர்ந்தே இருப்பினும், நெருக்கினால் மட்டுமே அதன் எலெக்ட்ரான்கள் விடுபடுமா? விடுபடும் என்பது அவர் விடை. அதற்கு அவர் இட்ட பெயர் அழுத்த அயனியாக்கம்.

இது எவ்வாறு நிகழ்கின்றது? குவாண்டம் இயலில் ஒரு விதி உண்டு. எலெக்ட்ரானை எவ்வளவு குறுகிய இடத்தில் அடைக்கின்றோமோ அவ்வளவு வேகமாக அது இயங்கியே தீரும். அடைப்பின் அளவு சுருங்கச் சுருங்க அதன் இயக்க ஆற்றல் ஏறும். ஓர் எல்லைவரை அணுக்கருவின் கவர்ச்சி அதனைப் பிடித்து வைக்கும். அணுக்கள் ஒன்றன் எல்லைக்குள் ஒன்று புகும் அளவுக்கு நெருக்கப்படும்போது, ஏறிவிட்ட இயக்க ஆற்றல் அக்கவர்ச்சியை வென்றுவிடுகின்றது. அதன்பின் இந்த எலெக்ட்ரான் இந்த அணுவிற்கு உரியது என்று சொல்ல இயலாது. எலெக்ட்ரான்கள் அனைத்தும் அணுக்கருக்கள் அனைத்திற்கும் பொதுவாகி விடுகின்றன. உலோகம் என்பதன் இலக்கணமே அதுதான்.

நம் கொங்கு நாட்டவர்க்கு இதனை விளக்கப் பஞ்சுப் பொதியினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அவிநாசி, திருப்பூர் வட்டாரத்துப் பருத்தி அரவை ஆலைகளில் விதை நீக்கிய பஞ்சை அழுத்தப் பொறியில் இட்டுப் பொதியாகக் கட்டுவதைப் பார்த்திருப்போம். செடியில் இருந்தபோது ஒவ்வோர் இழையும் ஒரு காய்க்குரியது. பொதிக்குள் புகுந்தபின் எந்த இழை எந்தக் காயினது என்று எவராலும் கூற இயலாது. இழை அழியவில்லை, அதன் உரிமை மட்டும் மாறிவிட்டது. எல்லா உவமைகளையும்போல் இதுவும் ஓரளவிற்கே செல்லும். பஞ்சிழை அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும். எலெக்ட்ரானோ அழுத்தத்தில் மேலும் துள்ளும்.

கோத்தாரி காகிதத்தில் கண்டதைக் கையால் செய்து காட்ட மாந்தர் பட்ட பாடு தனிக் கதை. இரண்டு வைரங்களை எடுத்து, அவற்றின் முனைகளைத் தலைமயிரின் தடிப்பினும் குறுகலாகத் தீட்டி, இடையில் ஒரு துளி ஹைட்ரஜனை வைத்து, திருகாணியால் இறுக்குவதே முறை. இராமனின் மாணவரான ஏ. ஜெயராமன் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இக்கருவியைக் கொண்டு பல ஆய்வுகள் நிகழ்த்தியவர். இதனைப் பற்றி அவர் 1983இல் எழுதிய நெடுங்கட்டுரையை உலகெங்கும் இத்துறையினர் படித்தனர். ஐம்பத்தைந்தாயிரம் காற்றழுத்தம் அளவில் இறுக்கினால் ஹைட்ரஜன் குளிரூட்டாமலே, நாம் அமர்ந்திருக்கும் அறையின் வெப்பத்திலேயே திண்மமாகி விடுகின்றது. மேலும் இறுக்கினால் உலோகமாகும் என்று எதிர்பார்த்து, விக்னர் குறித்த இரண்டரை இலட்சத்தை எட்டினர், ஆகவில்லை. பதினைந்து இலட்சத்தை எட்டினர்; கடுங்குளிரில் வைத்த ஹைட்ரஜன் படிகத்தின் அமைப்பு மாறியது, உலோகம் ஆகவில்லை. 2002இல் பிரெஞ்சு அறிஞர் லூபேயரும் அவர் குழுவினரும் முப்பத்திரண்டு இலட்சம் அளவில் அது கருத்துப்போவதைக் கண்டனர். பூமியின் நடுமையத்தில் உள்ள அழுத்தம் முப்பத்தாறு இலட்சம் என்பதை இங்கு நினைவிற்கொள்க. 2017இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ ஐம்பது இலட்சத்தில் உலோகத்தைக் கண்டோம் என்று அறிவித்தனர், பிறர் ஐயுற்றனர், மீண்டும் அளக்க முயன்றபோது வைரம் நொறுங்க, இருந்த ஒரே சான்றும் காணாமற் போயிற்று. 2020இல் லூபேயர் குழுவினர் நாற்பத்திரண்டு இலட்சம் அளவில் ஹைட்ரஜன் திடீரென நிலைமாறுவதை அகச்சிவப்புக் கதிரால் அளந்து காட்டினர். உலோக நிலைக்கு இதுவரை கிடைத்த வலுவான சான்றாகப் பலர் கொள்வது இதனையே.

நாற்பத்திரண்டு இலட்சம் என்று எழுதுவது எளிது. ஆனைமலைக் காட்டு யானைகள் ஓராயிரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அத்தனையும் ஒரு கட்டைவிரல் நகத்தின்மேல் நிற்பதாகக் கொண்டால் அவ்வழுத்தம் ஓரளவு விளங்கும்.

கோள்களின் எல்லை

இவ்வாய்வின் பயன் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. கோத்தாரியின் கண் வானத்தின்மேலேயே இருந்தது. ஈரமண் உருண்டையில் மேலும் மண் சேர்த்தால் அது பெரிதாகும். இதைக் குழந்தையும் அறியும். கோள்களும் அவ்வாறே. பூமியைவிடப் பொருள் மிகுந்த சனி பெரியது. சனியைவிட மிகுந்த வியாழன் இன்னும் பெரியது. ஆயின் வெண்குறு விண்மீன்கள் என்னும் அணைந்த விண்மீன்களில் கதை தலைகீழ். அங்குப் பொருள் கூடக் கூட உருவம் சிறுக்கும். சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால் அவ்வகை விண்மீன் நிலைகொள்ளவே இயலாது என்பதுதான் சந்திரசேகர் கண்ட எல்லை. அப்படியாயின் சேர்த்தால் பெருக்கும் கல்லும் மண்ணும் எந்த இடத்தில் சேர்த்தால் சிறுக்கும் விண்மீனாக மாறுகின்றன? இரண்டிற்கும் நடுவே ஒரு திருப்பம் இருந்தாக வேண்டுமன்றோ?

அத்திருப்பத்தைக் கணக்கிட்டுக் காட்டியதே கோத்தாரியின் பெருஞ்செயல் என்பது நம் கருத்து. பொருள் சேரச் சேர நடுவில் அழுத்தம் மிகும். ஓர் அளவில் அணுக்கள் தம் உருவை இழந்து எலெக்ட்ரான்கள் விடுபடும். அதன்பின் மேலும் சேர்க்கும் பொருள் உருவத்தை வளர்க்காது, உள்நோக்கி நசுக்கும். ஆகவே குளிர்ந்த ஒரு கோளம் அடையக்கூடிய மிகப் பெரிய அளவு ஒன்று உண்டு. அவ்வளவு ஏறத்தாழ வியாழனின் அளவே என்பது அவர் கண்ட முடிவு. பூமியைப்போல் 318 மடங்கு நிறையுள்ள வியாழன், கோள்கள் எட்டக்கூடிய உச்சத்தருகே நிற்கின்றது. அதன்மேல் எவ்வளவு பொருளைக் கொட்டினாலும் அது பெரிதாக வளராது.

இதைச் சரிபார்க்க 1936இல் வழியில்லை. வியாழனுக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட நிறையுடைய பழுப்புக் குறுமீன்கள் 1995இல்தான் முதன்முதலாக உறுதியாயின. வியாழனைவிடப் பன்மடங்கு நிறையிருந்தும் அவற்றின் பருமன் வியாழனை ஒட்டியே நிற்கின்றது. வியாழனின் உள்ளே, பல்லாயிரம் கிலோமீட்டர் ஆழத்தில், ஹைட்ரஜன் உலோகத்தைப்போல் மின்னோட்டம் கடத்தும் நீர்மமாகச் சுழல்கின்றது என்பதும், அக்கோளின் வலிய காந்தப்புலம் அதிலிருந்தே எழுகின்றது என்பதும் இன்று வானியலார் பொதுவாக ஏற்கும் கருத்து. இரவில் நம் மாடியில் நின்று பார்த்தாலே வெண்ணொளியுடன் தோன்றும் அக்கோள், நமக்கு மிக அருகிலுள்ள பேரழுத்த ஆய்வுக்கூடம்.

ஈரோட்டு எண்கள்

கொங்கு நாட்டிற்கும் கோத்தாரிக்கும் உள்ள ஒரு தொடர்பை இங்குச் சொல்லாமல் செல்ல மனமில்லை. 1887ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியார் இல்லத்தில் பிறந்த குழந்தை இராமானுசன். எண்களைப் பிரித்தல் என்பது அக்கணித மேதைக்கு விருப்பமான துறை. நான்கை எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? நான்கு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள். ஆக ஐந்து வகை. இது விளையாட்டாகத் தோன்றும். நூறுக்கு வந்தால் வகைகள் 19,05,69,292 ஆகிவிடும். இவ்வெண்ணிக்கையைப் பெருமளவு நெருங்கிச் சொல்லும் வாய்பாட்டை 1918இல் ஹார்டியும் இராமானுசனும் வெளியிட்டனர்.

1946இல் கோத்தாரியும் அவர் தோழர் ஔலக்கும் இதே கணக்கு இயற்பியலில் மறைந்திருப்பதைக் காட்டினர். ஒரு குறிப்பிட்ட ஆற்றலைத் துகள்கள் பலவற்றிற்குப் பகிர்ந்தளிக்கும் வகைகளை எண்ணுவதும், ஓர் எண்ணைப் பிரிக்கும் வகைகளை எண்ணுவதும் ஒன்றே என்பது அவர்கள் கண்ட ஒப்புமை. பேரழுத்தத்தில் அடைபட்ட எலெக்ட்ரான்களின் கணக்கை ஆண்டுக்கணக்காகப் போட்டவர்க்கு ஈரோட்டுக் குழந்தையின் எண் விளையாட்டு அயலாகத் தோன்றவில்லை. பிற்காலத்தில் அவர் மானியக் குழுத் தலைவராக இருந்தபோதுதான், 1967இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இராமானுசன் பெயரால் கணித உயராய்வு நிறுவனம் அக்குழுவின் உதவியோடு அமைந்தது.

நாட்டுப் பணி

1948 முதல் 1961 வரை அவர் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகர். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கொச்சியில் உள்ள கடற்படை இயற்பியல் ஆய்வுக்கூடம் முதலாகப் பல நிறுவனங்கள் அவர் காலத்தில் தோன்றின. நேருவின் விருப்பப்படி அணுகுண்டு வெடிப்புகளையும் அவற்றின் விளைவுகளையும் பற்றி 1956இல் அவர் ஒரு நூலை உருவாக்கினார். படைத்துறை ஆலோசகர் ஒருவர் குண்டின் பெருமையை எழுதாது, அது மனித உடலுக்கும் மண்ணுக்கும் வருங்காலத் தலைமுறைக்கும் செய்யும் தீங்கைக் கணக்கிட்டு எழுதினார் என்பதில் அவர் பிறந்த மரபின் சாயலைக் காண்பாரும் உளர். நாம் அதனை ஓர் ஆசிரியரின் கடமையுணர்வு என்றே கருதுகின்றோம். அவ்வாலோசகர் பதவியில் இருந்தபோதும் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பணியை அவர் விடவில்லை.

ஒரு வினா நம்முள் எழாமல் இல்லை. ஆய்விலேயே நிலைத்திருந்தால் கோத்தாரி இன்னும் என்னென்ன கண்டிருப்பார்? சந்திரசேகர் தம் வாழ்நாள் முழுவதையும் ஆய்வுக்கே அளித்தார். கோத்தாரியின் பெருங்கட்டுரைகள் பெரும்பாலும் அவருடைய நாற்பதைச் சுற்றிய அகவைக்குள் அடங்கிவிடுகின்றன. அதன்பின் வந்த ஆண்டுகளைக் கோப்புகளும் கூட்டங்களும் எடுத்துக்கொண்டன. இதனை இழப்பு என்று சொல்வதில் தவறில்லை. அவ்விழப்பில் நாட்டுக்குக் கிடைத்தது எது என்பதையும் உடன் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

ஆணையமும் மொழியும்

1961இல் அவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரானார். 1973 வரை அப்பொறுப்பில் இருந்தார். அதே 1961இல் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே. இந்திய மொழிகளில் உயர் அறிவியலைக் கற்பிக்க இயலுமா என்ற வினா அன்று நாடெங்கும் எழுந்திருந்தது. இயலாது என்று சொன்னோர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படித்த அறிவியலாரே. கேம்பிரிட்ஜில் ரூதர்போர்டிடம் பயின்ற ஒருவர் இயலும் என்ற பக்கத்தில் நின்றதன் பொருளை நாம் உணர வேண்டும். தனிமங்களின் பெயர்களையும் அளவைகளையும் உலக வழக்கில் உள்ளவாறே ஒலிபெயர்த்துக்கொண்டு, கருத்துச் சொற்களை மட்டும் ஆக்கிக்கொள்வது அவ்வாணையம் வகுத்த நெறி. நீரகம் என்பதா, ஹைட்ரஜன் என்பதா என்று நம் தமிழ் அறிஞர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். இக்கட்டுரையில் நாம் ஹைட்ரஜன் என்றே எழுதியுள்ளோம். அழுத்த அயனியாக்கத்தையும் அணுக்கருவையும் அகச்சிவப்பையும் சொல்லத் தமிழ் தடுமாறவில்லை என்பதை வாசகர் இதற்குள் கண்டிருப்பர்.

இவ்வகையில் தமிழகம் முன்னரே புறப்பட்டுவிட்டது. அதிலும் கொங்கு மண்டலம் முதலடி வைத்தது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் தொகுதி தொகுதியாக வந்தது. அதற்குத் தூணாய் நின்றவர் கோவை அவினாசிலிங்கனார். பொள்ளாச்சி வட்டாரத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1960இல், கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு சோதனை முயற்சியாகத் தொடங்கப் பெற்றது. யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பை நெடுங்காலம் நடத்திய மணவை முஸ்தபா, அறிவியல் தமிழுக்கு அகராதிகளை ஆக்கித் தந்ததும் இவ்வோட்டத்தின் தொடர்ச்சியே.

1964இல் அமைக்கப்பட்ட கல்விக் குழுவிற்குக் கோத்தாரி தலைவரானார். செயலர் ஜே.பி. நாயக். உறுப்பினர்களுள் உருதுக் கவிஞர் ஹாலியின் வழித்தோன்றலும் கல்வி அறிஞருமான கே.ஜி. சையிதைன் ஒருவர். அமெரிக்கா, இங்கிலாந்து, உருசியா, பிரான்சு, சப்பான் நாட்டு அறிஞர்களும் இடம்பெற்றனர். 1966 சூன் 29ஆம் நாள் அறிக்கை அளிக்கப்பட்டது. நாட்டு வருவாயில் ஆறு விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்குக. செல்வர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே அண்மைப் பள்ளியில் பயில்க. முதல் பத்தாண்டுகளில் அறிவியலும் கணிதமும் அனைவர்க்கும் கட்டாயம் ஆகுக. பத்தாண்டுக்குள் பல்கலைக்கழகங்களில் வட்டார மொழிகள் பயிற்றுமொழி ஆகுக என்பன அதன் தலையாய கருத்துகள்.

இவற்றுள் எவை நிறைவேறின? ஆண்டு வகுப்பு முறை நிறைவேறியது. தமிழகத்தில் 1978இல் புகுமுக வகுப்பு மறைந்து மேனிலைக் கல்வி வந்தது. தன்னாட்சிக் கல்லூரிகள் என்ற கருத்தும் நடைமுறைக்கு வந்தது; அதே 1978இல் தன்னாட்சி பெற்ற முதற் கல்லூரிகளுள் கோவை பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரி ஒன்று. ஆறு விழுக்காட்டை இன்னும் எட்டவில்லை. 2020இல் வந்த கல்விக் கொள்கையும் அதே ஆறை மீண்டும் இலக்காக எழுத நேர்ந்தது. அண்மைப் பள்ளியோ ஏட்டிலேயே நின்றுவிட்டது. மும்மொழித் திட்டத்தை அக்குழு திருத்தி அமைத்தபோதிலும் தமிழகம் அதனை ஏற்காது 1968இல் இருமொழிக் கொள்கையை மேற்கொண்டது. இதில் நாம் தமிழக அரசின் பக்கமே நிற்கின்றோம். மொழிகளைக் கற்பிக்கும் சுமையை அக்குழு குறைத்து மதிப்பிட்டது என்பது நம் எண்ணம். ஆயினும் தாய்மொழியே உயர்கல்விக்கு உரியது என்ற அதன் அடிப்படையோடு நமக்கு மாறுபாடு இல்லை.

வட்டார மொழிப் பயிற்று முறையைப் பொறுத்தவரை நிகழ்ந்ததை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கலைப் பாடங்களில் தமிழ் வந்தது. அறிவியலில் பாதியளவே வந்தது. பொறியியலிலும் மருத்துவத்திலும் வாசலிலேயே நின்றது. தமிழ்வழி வகுப்பு விரும்பிச் சேரும் இடமாக வளராமல், வேறு வழியற்றோர் ஒதுங்கும் இடமாகக் கருதப்பட்டது. அந்தியூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் தமிழில் படித்து வரும் பிள்ளை, இயற்பியல் வகுப்பின் முதல் நாளில் வாயடைத்து அமர்ந்திருப்பதைக் காணாத கல்லூரி ஆசிரியர் இம்மாவட்டங்களில் இரார். அப்பிள்ளைக்கு இல்லாதது அறிவு அன்று, சொல் மட்டுமே.

கோத்தாரியின் இன்னொரு பணி இதற்கு ஒருவாறு ஈடு செய்தது. 1974இல் அவர் தலைமையில் அமைந்த குழு, குடிமைப் பணித் தேர்வு முறையை ஆராய்ந்து 1976இல் அறிக்கை தந்தது. முதனிலை, முதன்மை, நேர்காணல் என்னும் மூன்று படிகளும் அதன் வகுப்பே. ஆங்கிலம் அறிந்த மேட்டுக்குடியினர்க்கே உரியதாக இருந்த அத்தேர்வை, அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளுள் எதிலும் எழுதலாம் என்ற பரிந்துரை அதில் இருந்தது. 1979இல் அது நடைமுறைக்கு வந்தது. தமிழில் எழுதி ஆட்சிப்பணியில் அமர்ந்த ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ கோத்தாரிக்குக் கடன்பட்டவரே.

1962இல் பத்ம பூஷண், 1973இல் பத்ம விபூஷண் விருதுகள் அவரை அடைந்தன. முதுமையில் குவாண்டம் இயலுக்கும் சமணத்தின் பல்நோக்குக் கொள்கைக்கும் உள்ள ஒப்புமையை ஆராய்ந்து எழுதி வந்தார். 1993 பிப்பிரவரி 4ஆம் நாள் செய்ப்பூரில் காலமானார். மூன்றாண்டு கழித்து, 1996இல், அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தார் அதிர்வலையால் ஹைட்ரஜன் நீர்மத்தைப் பதினான்கு இலட்சம் காற்றழுத்தத்திற்கு நெருக்கி, சில நொடித்துகள் நேரம் அது உலோகத்தைப்போல் மின்சாரம் கடத்துவதை அளந்தனர்.

முதன்மைத் தேர்வில் இன்று இயற்பியலை விருப்பப் பாடமாகக் கொள்ளும் நம் மாணவர் தம் விடையைத் தமிழிலேயே எழுதலாம். வினாத்தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வருகின்றது.